ஸ்டேஷனில் ஒரு பதினாறு வயது

அன்றாடத்தில் சட்டம் – தொடர் – 11

பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் மீது சிறு குற்றச் சந்தேகம் எழுந்தால், போலீஸ் செய்யக்கூடியவை சிலவே. நடந்ததைப் பதிவு செய்யலாம். பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். விவரத்தை இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். குற்றம் நடந்ததா, நடந்திருந்தால் என்ன செய்வது என்பதைக் குழுமம்தான் முடிவு செய்யும். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படை இதுதான்.

ஆனால் இந்தச் சட்டம் தானாக வேலை செய்யத் தொடங்குவதில்லை. எதிரே நிற்பவர் சிறார் என்பது போலீஸ் டைரியில் ஏறிய பிறகுதான் அதன் பாதுகாப்பு கிடைக்கிறது. மும்பையில் தாராவி 90 அடி சாலையிலோ மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலோ செம்பூரிலோ மீசை அரும்பிய பையன் ஒருவனை இரவு பத்து மணிக்கு அழைத்துப் போகும் போலீஸ்காரர் அவனைப் பத்தொன்பது வயதுக்காரனாகவே நினைக்கக்கூடும். பிறப்புச் சான்று ஊரில் இருக்கும். ஸ்டேஷனில் எழுதப்படுவது மராத்தி. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் சில சமயம் அந்தப் பையன் ஒருவனாகவே இருப்பான். ஆகவே முதல் சில மணி நேரத்தில் குடும்பம் என்ன செய்கிறது என்பதுதான் பெரும்பாலும் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது.

எது சிறு குற்றம்?

அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு சிறை வரை உள்ளவை சிறு குற்றங்கள். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் அது கொடுங்குற்றம். இரண்டுக்கும் இடைப்பட்டவை கடும் குற்றங்கள். குறைந்தபட்சத் தண்டனை சொல்லப்படாத குற்றத்தைக் கொடுங்குற்றமாகக் கருதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தெளிவாக்கியது. 16 வயது முடிந்தவரைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்ற கேள்வி கொடுங்குற்றத்தில் மட்டுமே எழும்.

செயல் சிறிதாகத் தெரிவதும் சட்டத்தின் கண்ணில் சிறிதாக இருப்பதும் ஒன்றல்ல. தெருவில் ஒருவர் கையிலிருந்து செல்போனைப் பறித்தால் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனை; ஆகவே சிறு குற்றம். அதே போனை லோக்கல் ரயிலுக்குள் யாரும் அறியாமல் எடுத்தால் 305-ஆம் பிரிவு வரலாம். அதில் ஏழு ஆண்டு வரை, ஆகவே கடும் குற்றம். ரயில் கூரையில் ஏறினால் ரயில்வே சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். ஓடும் ரயில் மீது கல் எறிந்தால் அதே சட்டத்தின் 152-ஆம் பிரிவில் பத்து ஆண்டும், ஆயுள் சிறையும்கூட விதிக்கலாம். சிறு அளவு கஞ்சா வைத்திருந்தால் ஓராண்டு வரை.

அதனால் ஸ்டேஷனுக்குப் போகும் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, 'எந்தப் பிரிவு?' என்பது. பதிலைப் பிரிவு எண்ணோடு குறித்துக்கொள்வது வழக்கறிஞருக்குப் பெரிய உதவி.

வண்டி ஓட்டிப் பிடிபட்டால் சிக்கல் வேறு. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு, சிறார் வண்டியோடு குற்றம் செய்தால் பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பன்னிரண்டு மாதத்துக்கு வண்டிப் பதிவு ரத்து, ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. தமக்குத் தெரியாமல் அது நடந்தது என்றோ, தடுக்க முயன்றோம் என்றோ நிரூபிக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது.

வயதை நிறுவுதல்

எந்தத் தாள் வயதுக்குச் சான்று என்பதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. முதலிடம் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றுக்கு அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு. அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவச் சோதனை. அந்தச் சோதனையில் இரண்டு ஆண்டு வரை முன்பின் ஆகலாம் என்பதை நீதிமன்றங்களே ஏற்றுக்கொண்டுள்ளன. பதினேழரை வயதுப் பையனைப் பொறுத்தவரை அது ஆபத்தான சோதனை.

ஆதார் அட்டை இந்த வரிசையில் இல்லை. ஆதாரில் உள்ள தேதி வயதுக்கு உறுதியான சான்றல்ல என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் கூறியது. பள்ளிச் சான்றையே ஏற்றது. ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று போட்டிருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

மும்பையில் எளிதாகக் கிடைப்பது பள்ளியின் 'போனஃபைட்' சான்று அல்லது 'எல்.சி.' எனப்படும் பள்ளி விடுப்புச் சான்று. ஊரில் பிறந்து இங்கே படிக்கும் பிள்ளைக்கும் பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும். அதன் நகலை வீட்டிலும், படத்தைப் பெற்றோர் இருவரின் போனிலும் வைத்திருப்பது நல்லது. இரவில் பள்ளி திறந்திருக்காது. போனில் உள்ள படத்தைக் காட்டி, 'இவன் வயது பதினாறு' என்று டைரியில் எழுதச் சொல்லலாம். வயதைச் சொல்லத் தவறிவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. ஒன்பதாம் பிரிவின்படி, வழக்கு முடிந்த பிறகும்கூட எந்த நீதிமன்றத்திலும் சிறார் என்ற கோரிக்கையை எழுப்பலாம். ஆனால் அதற்குள் சிறை வாசம் நேர்ந்திருக்கும்.

ஸ்டேஷனில் நடக்க வேண்டியதும் நடக்கக் கூடாததும்

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தை நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும் என்கிறது 107-ஆம் பிரிவு. சிறாரை அவரிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உடனே ஒப்படைக்க வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. 'இந்த ஸ்டேஷனில் குழந்தை நல அலுவலர் யார்?' என்று பெயர் கேட்டு விசாரித்தால், குடும்பத்துக்குச் சட்டம் தெரியும் என்பது எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் மற்றவற்றை விரிவாகச் சொல்கின்றன. மகாராஷ்டிரா தன் விதிகளை 2018-இல் வெளியிட்டது. மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோ தவிர எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது. பொது டைரியில் குறித்து, பையனின் குடும்பப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். சிறு குற்றத்தில் பிடித்து வைப்பதும் வழக்கமான நடைமுறை ஆகாது. குழந்தையின் நலனுக்குத் தேவை என்றால் மட்டுமே.

லாக்கப்பில் அடைக்கக் கூடாது. கைவிலங்கு கூடாது. அடியும் மிரட்டலும் கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. ஸ்டேஷன் என்ற உணர்வைத் தராத இடத்தில்தான் பேச வேண்டும். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். பிடித்து வைத்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். எந்தக் கட்டத்திலும் குழந்தையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 10 அன்று மீண்டும் வலியுறுத்தியது. தமிழ்நாட்டின் ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது தொடர்பான வழக்கில் வந்த உத்தரவு அது.

சாட்சியாக மட்டும் அழைத்தாலும் வரம்பு உண்டு. பதினைந்து வயதுக்குக் குறைந்த பையனையும், எந்த வயதுப் பெண்ணையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. போலீஸ் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். ஆகவே 'சும்மா ரெண்டு கேள்வி' என்று அழைக்கும்போது சாட்சியாகவா, சந்தேகத்திலா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பேச்சும் கையெழுத்தும்

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3) உறுப்பு. இந்த உரிமை கோர்ட்டில் மட்டுமின்றி ஸ்டேஷனிலும் உண்டு என்று, ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியின் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978-இல் தீர்ப்பு எழுதினார். முன்னாள் முதல்வருக்குக் கிடைத்த அதே உரிமை தாராவிப் பையனுக்கும் உண்டு.

நடைமுறையில் பையனுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. பெயர், வயது, முகவரி, பெற்றோரின் போன் நம்பர் ஆகியவற்றை உண்மையாகச் சொல்ல வேண்டும். சம்பவத்தைப் பற்றிய கேள்வி வந்தால், 'அப்பா அம்மாவும் வக்கீலும் வந்த பிறகு பேசுகிறேன், சார்' என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்த வேண்டும். வாய்ச்சண்டை கூடாது, ஓடக் கூடாது. பொய் சொல்வது எல்லாவற்றையும்விடக் கெடுதல்: மௌனத்தை யாரும் அவனுக்கு எதிராகத் திருப்ப முடியாது, பிடிபட்ட பொய் கடைசி வரை கூடவே வரும். கூட்டாளியின் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவோம் என்ற பேரத்துக்கும் இதே பதில்தான்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் சான்றாக வைக்க முடியாது என்று சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவு சொல்வது உண்மை. அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால், அந்த அளவுக்கு அவர் சொன்னது சான்றாகும். 'போன் எங்கே?' என்ற கேள்வி சாதாரணமாகக் காதில் விழும். பதிலைத் தொடர்ந்து போன் கிடைத்தால் வழக்கின் முதுகெலும்பே அந்தப் பதில்தான்.

இன்னொரு பொறி மன்னிப்புக் கடிதம். கடைக்காரர் எதிரில், 'எடுத்தது நான்தான், மன்னித்துவிடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும் என்று பெரியவர்களே பையனை எழுத வைக்கிறார்கள். போலீஸ் அல்லாத ஒருவரிடம் எழுதிக் கொடுத்த ஒப்புதலுக்கு 23-ஆம் பிரிவின் தடை கிடையாது. வழக்கு தொடர்ந்தால் முதல் ஆவணமாக அது மேசைக்கு வரும். திருட்டைப் பொருளின் உரிமையாளரோடு சமாதானமாக முடிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதை வழக்கறிஞர் மூலம் குழுமத்தின் முன் வைக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் பணம் கைமாறினால் ரசீதும் இருக்காது, முடிவும் இருக்காது.

மராத்தியில் எழுதிய தாளை வாசித்துக் காட்டச் சொல்லலாம். அப்போதும் பையன் கையெழுத்திட வேண்டியதில்லை. போனையோ வேறு பொருளையோ கைப்பற்றினால், கைப்பற்றல் குறிப்பான பஞ்சநாமாவின் நகலைப் பெற்றோர் கேட்கலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது

இங்கிலாந்தில் பதினெட்டுக்குக் குறைந்தவரைப் போலீஸ் விசாரிக்கும்போது அவருக்குத் துணையாக ஒரு பெரியவர் உடனிருப்பது கட்டாயம். இந்திய விதி, பெற்றோர் உடனிருக்கலாம் என்கிறது. கேட்டால் கிடைக்கும் உரிமை என்பதால் கேட்க வேண்டும். தாயோ தந்தையோ உடனே ஸ்டேஷனுக்குப் போய், விசாரணை நடக்கும் இடத்தில் உட்கார அனுமதி கோர வேண்டும்.

போலீஸ் எதிரில் பையனை அடிப்பது பல தகப்பன்மார்களின் முதல் எதிர்வினை. அவமானமும் பயமும் அதற்குக் காரணம். ஆனால் அது குற்றம் நிரூபணமாகிவிட்டது என்ற செய்தியையே தருகிறது. இங்கே அடிக்கலாம் என்ற அனுமதியையும் சேர்த்துத் தருகிறது. கண்டிப்பு வீட்டுக்கு வந்த பிறகு.

மாநகராட்சி உறுப்பினரான நகர்சேவகரையோ சங்கத்துக்காரரையோ அழைத்துப் போவது வழக்கம். துணைக்கு வரலாம், மராத்தி தெரிந்தவராக இருந்தால் நல்லதும்கூட. வழக்கறிஞருக்கு அவர் ஈடாக மாட்டார். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பதும் காரணமல்ல. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. போன நேரம், பேசிய அதிகாரியின் பெயர், சொன்ன பிரிவு, பையனை அழைத்து வந்த நேரம் ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் வரும்.

அடி விழுந்தால்

2014 ஏப்ரலில் ஒரு தங்கச் செயின் திருட்டுச் சந்தேகத்தில் வடாலா ரயில்வே போலீஸ் நால்வரைப் பிடித்தது. அவர்களில் ஒருவர் பதினெட்டு நிரம்பாதவர். காவலில் இருந்த 25 வயது இளைஞர் இறந்துபோனார். தப்பி ஓடும்போது ரயிலில் அடிபட்டார் என்றது போலீஸ். சித்திரவதை என்றது குடும்பம். பம்பாய் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. சின்னத் திருட்டு விசாரணை எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி.

காயம் இருந்தால் முதல் வேலை அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்வது. தாராவிக்கு அருகே சயான் மருத்துவமனை இருக்கிறது. குழுமத்தின் முன் நிறுத்தும்போது பையன் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன்களில் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று உத்தரவிட்டது. குறிப்பிட்ட நாளின் பதிவை அழிக்காமல் வைக்கும்படி உடனே எழுத்தில் கேட்க வேண்டும். தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். மாநில குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடமும் மனித உரிமை ஆணையத்திடமும் புகார் தரலாம்.

குழுமத்தின் முன்

சிறாருக்குத் தனி நீதி என்ற எண்ணம் மும்பைக்குப் புதிதல்ல. 1920-இல் சென்னை மாகாணம் இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. பம்பாயின் சட்டம் 1924-இல் வந்தது. 1927-இல் தோன்றிய சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி டோங்கிரியில் நடத்தும் கூர்நோக்கு இல்லம், பழைய உமர்காடி சிறை இருந்த இடத்தில் உள்ளது. 1882-இல் திலகரும் அகர்கரும் 101 நாள் அடைபட்டிருந்த டோங்கிரி சிறை அதுதான்.

குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவர் பெண். ஜாமீன் இங்கே விதி, மறுப்பது விலக்கு. குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவார், அவருக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்று காரணங்களில் ஒன்று இருந்தால்தான் மறுக்கலாம். ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே ஜாமீனில் விடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பலர் அதைக் கேட்பதே இல்லை.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கும் பள்ளிக்கும் வந்து விசாரித்து இரண்டு வாரத்துக்குள் அறிக்கை தருவார். அவர் போலீஸ் அல்ல. அவரிடம் குடும்ப நிலையை மறைக்காமல் சொல்வது பையனுக்கு நல்லது. சிறு குற்ற விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும்; இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதன் பிறகும் முடியாவிட்டால் வழக்கே முடிந்ததாகிவிடும். குற்றம் உறுதியானாலும் அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, பெற்றோர் கட்டும் அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவையே வழக்கமான முடிவுகள். சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் மூன்று ஆண்டுக்கு மேல் வைக்க முடியாது.

இந்த நடைமுறைகளின் அருமையை ஒரு அமெரிக்க வழக்கு காட்டும். 1964-இல் அரிசோனாவில் ஆபாசமான போன் அழைப்பு ஒன்றுக்காக 15 வயது ஜெரால்ட் கால்ட்டைப் பிடித்தார்கள். பெற்றோருக்குத் தகவல் இல்லை, வழக்கறிஞர் இல்லை. பெரியவருக்கு அதிகபட்சம் இரண்டு மாதம் கிடைக்கும் குற்றத்துக்கு அவனை 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவானது. 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, குற்றச்சாட்டை அறியவும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் மௌனம் காக்கவும் சிறாருக்கும் உரிமை உண்டு என்றது.

பிறகு

'பேர் கெட்டுவிட்டது, இனி வேலை கிடைக்காது' என்ற பயத்தில்தான் குடும்பங்கள் ஸ்டேஷனிலேயே பணம் கொடுத்து முடிக்கப் பார்க்கின்றன. சிறு குற்றத்தில் அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. குழுமத்தின் முடிவால் எந்தத் தகுதி இழப்பும் வராது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. மேல்முறையீட்டுக் காலம் கடந்ததும் பதிவுகளை அழிக்கவும் சொல்கிறது. முடிந்த வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. பெயர், படம், பள்ளி ஆகியவற்றைப் பத்திரிகையிலோ வேறு ஊடகத்திலோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறுவயது வழக்கைக் காட்டி சி.ஐ.எஸ்.எஃப். வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

ஸ்டேஷனில் பேரம் பேசி முடித்த விவகாரத்துக்கு இந்தப் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. எழுத்தில் எதுவும் இல்லாததால் முடிவும் இல்லை. அந்தப் பகுதியில் அடுத்த போன் காணாமல் போகும்போது அதே பையனைத்தான் தேடி வருவார்கள். குழுமத்தின் வழி நாலைந்து மாதம் அலைச்சல் தரும். ஒரு நாள் சம்பளமும் போகும். ஆனால் பதினாறு வயதுப் பிழை பதினாறு வயதோடு முடிவதற்கு இருக்கும் ஒரே வழி அதுதான்.

(அடுத்த வாரம்: வாடகை ஒப்பந்தமும் டெபாசிட்டும்)